பதினேழாம் எண்ணில் கேட்டது

திங்கட்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். பெங்களூர் லைனின் ஷட்டர் விழுந்ததைப் பார்த்தேன். ஷட்டர் என்பது கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு பித்தளை மூடி. அழைப்பு வந்தால் 'டக்' என்று விழும், உள்ளே எண் தெரியும். பிளக்கைச் செருகினேன். "பதினேழுக்கு பி.பி. கால். மிஸ்டர் தாவீது" என்றாள் பெங்களூர்க்காரி. பி.பி. என்றால் குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேச்சு. பதினேழுக்கு மணி அடித்தேன். அரிசி மில் முதலாளி தாவீது எடுத்தார். இணைத்தேன். அத்தோடு என் வேலை முடிந்தது.

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்குப் பேரனின் கைபேசியோடு போயிருந்தேன். இப்போது வேலையில் இருக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மேடம், அந்தக் காலத்துல நீங்க எல்லாரும் ஊர்ல பேசறதை எல்லாம் ஒட்டுக் கேப்பீங்களாமே, நிஜமா?" என்று கேட்டாள். சுற்றியிருந்த பழைய ஆட்கள் சிரித்து மழுப்பினார்கள். நான் மழுப்பவில்லை. கேட்டேன் என்றேன். எத்தனை முறை என்றும் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளுக்காக இதை எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு நாளிதழில் எட்டு மாதம் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு உத்தரவு வந்தது. மூன்று மாதப் பயிற்சி. இரகசியம் காப்பேன் என்று ஒரு தாளில் கையெழுத்து. பிறகு ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் தொழிற்சாலைகள் இன்னும் வரவில்லை. படித்த பையன்கள் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குத்தான் வேலைக்குப் போனார்கள். அதனால் அழைப்புகளை இணைக்கும் எங்கள் போர்டில் பாதி நேரம் பெங்களூர் லைன்தான். மிச்ச நேரம் கெலமங்கலத்துப் புளி, பேரிகை ராகி, பர்கூருக்குப் போகிற லாரி.

எங்கள் எக்ஸ்சேஞ்சில் நாற்பத்திரண்டு எண்கள். பகலில் இரண்டு பெண்கள். நான் ஒருத்தி, இன்னொருத்தி புஷ்பம். திருநெல்வேலிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். தபாலாபீசுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டின் முன்னறையில் இருவரும் சேர்ந்து தங்கியிருந்தோம்.

மேலதிகாரி வெங்கடரமணப்பா. கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், அவசரம் வந்தால் கன்னடம் கலக்கும். காலை ஒன்பது ஐம்பதுக்கு வருவார். வந்ததும் எங்கள் இரண்டு ஹெட்செட்டின் வாய்ப்பகுதியையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார். பிறகு சுவர்க் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்ப்பார். இருபது விநாடி தவறினாலும் நாற்காலி போட்டு ஏறித் திருத்துவார். சத்தம் போட்டுத் திட்டமாட்டார். போர்டில் உட்கார்ந்திருப்பவளின் வாய்க்கு முன்னால் மைக் இருக்கிறது. அவர் திட்டினால் அது ஊருக்குக் கேட்கும். அதனால் வெளியூர் அழைப்புகளைக் குறித்துவைக்கும் டிக்கெட் சீட்டில் பழையதை எடுத்து, பின்புறம் பென்சிலில் எழுதி எங்கள் முன்னால் வைப்பார். 'பதினொன்று நான்கு. எண் இருபத்தெட்டு. மணி மூன்று முறை அடித்தாய். இரண்டு போதும்.' படித்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார்.

போர்டில் ஒவ்வொரு ஜோடி பிளக்குக்கும் ஒரு கீ உண்டு. முன்னால் தள்ளினால் மணி அடிக்கும். பின்னால் இழுத்தால் நாம் பேசலாம், கேட்கலாம். நடுவில் விட்டால் நாம் வெளியே, அவர்கள் உள்ளே. இணைத்த பிறகு ஒருமுறை பின்னால் இழுத்து இரண்டு பக்கமும் பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டும். விதியே அதுதான். அதற்கு மூன்று விநாடி போதும். மூன்று விநாடி எப்போது முப்பது ஆகிறது என்பதைக் கடிகாரம் சொல்லாது.

புஷ்பம் அதை ரேடியோ என்பாள். "ஏட்டி ரூத்து, இருபத்தொண்ணுல நாடகம் ஆரம்பிச்சிட்டு, வாறியா?" என்று கண்ணடிப்பாள். நான் போகமாட்டேன். நான் சினிமா பார்க்காதவள். நகை போடாதவள். ஞாயிறு ஆராதனை, புதன் ஜெபக்கூட்டம் தவறாதவள். எங்கள் சபை சிறியது. சீர்திருத்தச் சபை, முப்பது குடும்பம் இருக்கும். அங்கே மாதம் ஒருமுறை சாட்சி சொல்லும் நேரம் வரும். "கிறிஸ்துவுக்குள் நான் விடுதலை பெற்றவள். உலகத்தின் எந்த ஆசையும் என்னை இழுக்காது" என்று இரண்டு மாதம் அடுத்தடுத்து எழுந்து சொல்லியிருக்கிறேன். எதை எதைச் செய்யமாட்டேன் என்று என்னிடம் ஒரு நீளமான பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலைத்தான் விடுதலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டியலில் கீ இல்லை.

தாவீது எங்கள் சபையின் மூப்பர். அந்தத் திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து பேசியவன் அவர் மகன் டேனியலின் அறைத் தோழன். லைன் தெளிவாக இருந்தது. கேட்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் அந்தப் பையன் "ஐயா, பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கும் பேச்சை விட்டு யார் வெளியே வருவார்கள்? நான் வரவில்லை. பட்டறையில் ஒரு இரும்பு வார்ப்பு சரிந்து டேனியலின் இடது காலில் விழுந்திருக்கிறது. பாதத்தின் மேல் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உயிருக்கு ஒன்றுமில்லை.

மூப்பர் சொன்னார்: "அவங்கம்மாவுக்குத் தெரிய வேணாம் தம்பி. நெஞ்சு வலிக்காரி. நான் நெல்லு பாக்கப் போறன்னு சொல்லிட்டு நாளைக்கு வர்றன். ஊர்ல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக்கூடாது."

ஊரில் ஒரே ஒருத்திக்குத் தெரிந்தது. அன்றும் மறுநாளும் நான் டேனியலுக்காக முழங்காலில் நின்று ஜெபித்தேன். உண்மையாகவே ஜெபித்தேன். அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

புதன்கிழமை மாலை ஆறரை மணி. ஜெபக்கூட்டம் அந்த வாரம் மூப்பர் வீட்டிலேயே. மூப்பர் மத்தியானம்தான் திரும்பி வந்திருந்தார். அவர் மனைவி ஜெபமணி அம்மாள் எல்லோருக்கும் பாய் விரித்தார். சங்கிலி ஜெபம், ஒருவர் முடித்ததும் பக்கத்திலிருப்பவர் தொடங்க வேண்டும். என் முறை வந்தது. கண்ணை மூடினேன். இரண்டு நாளாக ஜெபித்த வாக்கியம் தானாக வந்தது: "ஆண்டவரே, பெங்களூரில் இருக்கும் டேனியலின் இடது காலை உமது கரம் தொடுவதாக. முறிந்த எலும்பு கூடுவதாக."

வழக்கமாக வரும் ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்தேன்.

"எந்தக் காலு?" என்றார் ஜெபமணி அம்மாள்.

மூப்பர் தொண்டையைச் செருமினார். "இடது காலுதான். நேத்து பாத்துட்டு வந்தன். நல்லா இருக்கறான்."

"நெல்லு பாக்கப் போறன்னீங்க?"

"நெல்லு பாக்கல."

ஜெபமணி அம்மாளுக்கு நெஞ்சு வலி வரவில்லை. கணவரைத்தான் ஒரு பார்வை பார்த்தார். "மூணு நாளா எம்பையனுக்குக் காலு ஒடிஞ்சிருக்குது. எங்கிட்ட நெல்லு நல்லா இருந்திச்சுன்னு கதை சொல்றீங்க!" மூப்பர் அந்தப் பார்வையிலிருந்து தப்ப என் பக்கம் திரும்பினார். "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சத்தியமா சொல்லல. இந்தப் பொண்ணுக்குக் கர்த்தர் வெளிப்படுத்தியிருக்கார்!"

அந்த வருடம் பக்கத்து ஊர்களில் எழுப்புதல் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அங்கே ஒருவருக்கு வெளிப்பாடு கிடைத்தது, இங்கே ஒருவருக்குக் கிடைத்தது என்று செய்தி வந்துகொண்டிருந்தது. எங்கள் சபைக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒரு குறை இருந்தது. அறையில் இருந்த பதினாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். எக்ஸ்சேஞ்ச் யார் நினைவுக்கும் வரவில்லை. ஒட்டிய கவர் மாதிரிதான் போனும் என்று அவர்கள் நம்பினார்கள். குரலையும் பிரித்துப் படிக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு முன்வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். ஆராதனை முடிந்ததும், "ரூத்தம்மா, எங்களுக்கும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு கண்ணு" என்று ஆட்கள் வந்தார்கள். பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, "உங்கள் மாற்றல் வந்துவிடும்" என்றேன். பதினொன்றாம் எண்ணில் கேட்டிருந்தேன். மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு நான் நடந்தால் வழிவிட்டார்கள். இதில் எனக்குச் சந்தோஷமே இல்லை என்று எழுதினால் பொய். நன்றாக இருந்தது. முன்பு கீ தானாக நீண்டது. இப்போது நானே எண்ணைத் தேர்ந்தெடுத்து இழுத்தேன்.

புஷ்பத்துக்கு மட்டும் எல்லாம் தெரியும். காலையில் ஹெட்செட்டை மாட்டும்போது, "தீர்க்கதரிசி அம்மா, கர்த்தர் இன்னைக்கு எந்த நம்பர்ல பேசுதாராம்?" என்பாள்.

"சும்மா இரு புஷ்பம்."

"நான் ரேடியோ கேட்டாப் பாவம். நீ கேட்டா வெளிப்பாடு. எங்க ஃபாதர்கிட்டச் சொல்லி நானும் உங்க சபையிலயே சேந்துரலாம்னு பாக்கேன்."

ஏழு வாரம் போயிற்று. டேனியல் கட்டு பிரித்து ஊருக்கு வந்து, ஒரு கைத்தடியோடு நடமாடத் தொடங்கியிருந்தான். சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு எக்ஸ்சேஞ்சின் கவுண்டரில் வந்து நின்றான். நல்ல உயரம், இருபது வயது, சிரித்த முகம்.

"அக்கா, கர்த்தர் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா, என்னைப் பத்தி?"

"இல்லப்பா."

"சொன்னாருன்னு சொல்லிடுங்களேன்."

நான் போர்டைப் புஷ்பத்திடம் காட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

"நான் வர்ற திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்" என்றான். "போகலன்னா இடம் போயிடும். வாசல்ல அவ்ளோ பேர் நிக்கறாங்க. அம்மா விடமாட்டங்கறாங்க. மெஷினே வேணாம், மில்லுல கல்லாவுல உக்காருன்னு ஒரே அழுகை. அப்பாகிட்டக் கேட்டா, ரூத்து வாயில என்ன வார்த்தை வருதோ அதான் முடிவுங்கறாரு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் உங்களைக் கேக்கப்போறாங்க."

"உனக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்குமா?"

"லேத்துல நின்னா எனக்குப் பசியே எடுக்காதுங்க்கா." அவன் கைத்தடியை மாற்றிப் பிடித்தான். "'போகட்டும்'னு ஒரு வார்த்தை. பொய் சொல்லச் சொல்லல. நல்லதைச் சொல்லச் சொல்றன்."

அதுவரை எனக்கு வந்த சோதனைகளில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் எனக்கு லாபம். இது அவனுக்கு நன்மை. அவன் போக வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு வேலை, அம்மாவுக்குச் சமாதானம், எனக்கு முன்வரிசை. உண்மையைச் சொன்னால் என் பெயர் போகும், அனேகமாக வேலையும் போகும். அவனைப் போகவிடுவார்களா என்பதும் தெரியாது.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கைத்தடியைச் சுழற்றிக்கொண்டே போனான்.

போர்டில் வந்து உட்கார்ந்தபோது ஒரு ஷட்டர் விழுந்தது. இணைத்தேன். என் இரண்டு விரல்கள் தாமாகக் கீயைப் பின்னால் இழுத்தன. யாரோ இரண்டு பேர் எருமை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எருமை வேண்டாம், விலையும் வேண்டாம். ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை. 'உலகத்தின் எந்த ஆசையும் என்னை இழுக்காது' என்று சாட்சி சொன்னவள், கிழட்டு எருமை ஒன்றின் பால் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இழுக்கிற விரல் யாருடையது என்று அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்தது. வெங்கடரமணப்பா சாரின் மேஜைக்குப் போய், நின்றபடியே ஒரு தாளில் எழுதி நீட்டினேன். 'நான் கடந்த ஏழு வாரங்களில் பல அழைப்புகளை விதிக்கு மாறாகக் கேட்டிருக்கிறேன். கேட்டதை வெளியிலும் சொல்லியிருக்கிறேன். இதற்காக மிகவும் வருந்துகிறேன்.'

அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பல-ன்னா எத்தனை?"

"சரியா ஞாபகம் இல்ல சார்."

"ஞாபகம் இல்லேன்னா எதுக்கு வருத்தம்? எதுக்குன்னு தெரியாம எப்படி வருத்தப்படறது?" அவர் எழுந்து பீரோவைத் திறந்து, ஏழு வாரத்து டிக்கெட் கட்டுகளையும் உள்ளூர் அழைப்புப் பதிவேட்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். "உக்காரும்மா. எந்த நம்பர், எத்தனை மணி, எத்தனை நிமிஷம். ஒண்ணொண்ணா எழுது. டைம் இல்லாத பேப்பரை நான் மேல அனுப்பமாட்டேன்."

பின்னறையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்கிறோம். பாவிகள் என்று பொதுவாகச் சொல்கிறோம், பொதுவாக மன்னிப்புப் பெறுகிறோம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறோம். ஒரு தடவையும் என்னை யாரும் எண் கேட்டதில்லை, மணி கேட்டதில்லை. முதல் டிக்கெட்டை எடுத்து எழுதினேன்: பதினேழு, திங்கள், பத்து இருபது, நான்கு நிமிடம். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டாவது, மூன்றாவது. ஆறாவதுக்கு மேல் அடித்தல் இல்லை. 'பல' என்று இருந்தவரை அது எனக்குள் எங்கும் பரவி இருந்தது. எண் போட்டதும் ஒவ்வொன்றும் அதனதன் அளவுக்குச் சுருங்கித் தாளில் உட்கார்ந்தது. எருமையை எழுதும்போது சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. ஆனால் சிரிப்புதான் முதலில்.

ஐந்து மணி பத்துக்குத் தாளை நீட்டினேன். பென்சிலால் எண்ணிக்கொண்டே போனார்.

"பதினாலு. ஆய்தா?" முடிந்ததா என்பதற்கு அவருக்கு எப்போதும் கன்னடம்தான்.

"முடிஞ்சிது சார்."

"ஒண்ணு குறையுது."

எது என்று எனக்குத் தெரியும். அவர் தன் மகளோடு பேசிய அழைப்பு அது. ஒரு நாள் அவர் உள்ளறைப் போனில் துமகூருக்குப் பேசினார். நான் இணைத்தேன். பிறகு கீயை இழுத்தேன். வெட்கத்தால் அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

"யாராவது கீயை இழுத்தா பேசறவங்க குரல் ஒரு சுற்று சின்னதாகும்" என்றார் அவர், பாடம் சொல்கிற மாதிரி அல்லாமல் லைன் பழுதைச் சொல்கிற மாதிரி. "நான் இருபத்தாறு வருஷம் இந்த ஒயரோட இருக்கேன். அன்னிக்கு என் மகளோட குரல் சின்னதாச்சு. போர்டுல ரெண்டு பேர் இருந்தீங்க. யாருன்னு தெரியல. தெரியாம எப்படி எழுதறது?"

பதினைந்தாவதை எழுதினேன். அவர் அன்று மகளிடம் என்ன பேசினார் என்பதை யாரிடமும் நான் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

"இன்னொருத்தி?" என்றார்.

"என் கணக்குத்தான் சார் எனக்குத் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். தாளை மடித்து உறையில் போட்டார். "மேலே அனுப்பறேன். உத்தரவு வர்ற வரைக்கும் நீ போர்டுல உக்காரு. காலையில பஞ்சு, ஸ்பிரிட் நீ எடுத்து வை." அவ்வளவுதான். உத்தரவு ஐந்து வாரம் கழித்து வந்தது. பணிப் பதிவேட்டில் ஒரு கண்டிப்பு, ஓர் ஆண்டுக்குப் பதவி உயர்வுத் தேர்வு எழுதக் கூடாது. வேலை போகவில்லை. பயந்ததில் பாதிகூட நடக்கவில்லை என்பது அன்று மாலை எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது நெடுஞ்சாலையில் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் சும்மா நின்றேன். பசித்தது. இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டேன்.

புஷ்பத்திடம் சொன்னேன். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "எம்பேரு சொன்னியா?"

"இல்ல."

"ஒன்னயத் திட்டணும்னு இருக்கு. திட்ட வரமாட்டேங்கு." போர்வையை மடித்துக்கொண்டே, "நாளைக்கு ஒங்க கோயிலுக்கு நானும் வாறேன். அடிச்சாங்கன்னா ஒரு ஆளு வேணும்லா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. மூப்பர் முன்னால் வந்து, "நம்ம டேனியல் விஷயமா ரூத்துக்கு ஒரு வார்த்தை கிடைச்சிருக்கும்னு நம்பறோம்" என்றார். டேனியல் மூன்றாவது வரிசையில் இருந்து எனக்குத் தலையை ஆட்டினான். நான் எழுந்தேன்.

"எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கல. இதுக்கு முன்னாடியும் கிடைக்கல. டேனியலுக்குக் கால் ஒடிஞ்சதை நான் எக்ஸ்சேஞ்சில ஒட்டுக் கேட்டேன். டீச்சரம்மா மாற்றலும் அப்படித்தான். கர்த்தர் சொன்னார்னு நீங்க நினைச்சப்ப நான் வாயை மூடிட்டிருந்தேன். நான் செஞ்சது திருட்டு, பொய், ரெண்டும். மன்னிச்சிடுங்க. ஆபீசிலயும் எழுதிக் குடுத்துட்டேன்."

மூப்பரின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. "எம் போன்லயா?"

"ஆமாங்கய்யா. பதினேழுங்க. திங்கக்கிழமை, பத்து இருபது."

பின்னாலிருந்து புஷ்பம் இருமினாள். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கினார். மூப்பர் வாயைத் திறந்தார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஜெபமணி அம்மாள் எழுந்துவிட்டார்.

"ஏ கண்ணு, நில்லு. அப்ப எம்பையனைப் பத்திக் கர்த்தர் உங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்லைங்கம்மா."

"நெசமா?"

"நெசமாங்கம்மா."

"அப்பாடா!" என்றார் அவர். முகம் அப்படியே மலர்ந்தது. "ஏழு வாரமா நான் அழுதுட்டிருக்கறன். பெத்தவ நான் இங்க உக்காந்திருக்கறன், எங்கிட்டச் சொல்லாம டெலிபோன்காரிகிட்டப் போய்ச் சொல்லியிருக்காரே, நான் என்ன குத்தம் செஞ்சன்னு. அவர் யாருக்குமே சொல்லலியா! இது தெரிஞ்சிருந்தா நான் நல்லாத் தூங்கியிருப்பன்."

முதலில் போதகர்தான் சிரித்தார். பிறகு சபை முழுக்கச் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸ் வரை அவர் என்னோடு பேசவும் இல்லை. அது அவருக்கு உரிமை.

சிரிப்பு அடங்கியதும் ஜெபமணி அம்மாள் மகன் பக்கம் திரும்பினார். "அப்ப யாரைக் கேக்கறது? டேய், உன்னையே கேக்கறன். உனக்கு என்னடா வேணும்?"

ஏழு வாரத்தில் அந்த வீட்டில் யாரும் அவனைக் கேட்காத கேள்வி அது. அவன் கைத்தடியை ஊன்றி எழுந்தான். "போறம்மா."

"கால் வலிக்குதா?"

"மழை வந்தா வலிக்குது."

"அப்ப மழையில நிக்காத" என்றார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இட்லிப்பொடி இடிச்சுத் தர்றன், எடுத்துட்டுப் போ."

சோதனை அதோடு என்னை விட்டுப் போய்விட்டது என்று அந்தப் பெண் நினைக்கக் கூடாது. முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தேன். அந்தப் போர்டுக்கும் பிறகு வந்த போர்டுகளுக்கும் கீ இருந்தது, விரலும் என்னுடையதாகவே இருந்தது. இணைத்தவுடன் இரண்டு கைகளையும் டிக்கெட் கட்டின் மேல் வைத்துக்கொள்வேன். சில நாள் அந்தக் கட்டை இறுகப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் பெரும்பாலான நாள்களில் என் கைகள் அங்கே சும்மா கிடந்தன. நாற்பத்திரண்டு வீட்டிலும் கல்யாணம் பேசினார்கள், சண்டை போட்டார்கள், எருமை வாங்கினார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லோருடைய வாழ்க்கையையும் நான் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிறவர் ஒருவர் இருக்கிறார், அது நான் இல்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் நான் பிறகு அதிகம் எழுந்திருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான். புஷ்பமும் ரேடியோவை நிறுத்தினாள். ஏன் என்று கேட்டதற்கு, "பேட்டரி தீந்துட்டு" என்றாள்.

சபையில் நான் உண்மையைச் சொன்ன மறுநாள், திங்கட்கிழமை காலை பஸ்ஸில் டேனியல் போனான். எனக்கு அன்று மாலை டியூட்டி. ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பதினேழின் ஷட்டர் விழுந்தது. எடுத்தேன். ஜெபமணி அம்மாள். அந்த வீட்டுக்குப் போன் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது; அதுவரை அவர் அதைத் தொட்டதில்லை என்று எனக்குத் தெரியும்.

"ரூத்தா? நான்தான் கண்ணு பேசறன். இதை எந்தப் பக்கம் காதுல வெக்கறது? ஆங், கேக்குது. எம்பையன் தங்கியிருக்கற இடத்துக்குப் போடு."

டிக்கெட் எழுதினேன். பெங்களூர் லைன் கிடைக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. டேனியல் வந்ததும் இணைத்தேன். இரண்டு பக்கமும் பேசத் தொடங்கினார்கள். கீயை நடுவில் விட்டேன்.

மூன்று நிமிடம் ஆனதும், நீட்டிக்க வேண்டுமா என்று கேட்பதற்காக உள்ளே போனேன். ஜெபமணி அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார். "நீட்டு கண்ணு, நீட்டு" என்றார். வெளியே வந்தேன். ஆறு நிமிடத்திலும் அதையே சொன்னார்.

அந்த அழைப்பு ஒன்பது நிமிடம் நடந்தது.